ஷியாமளா வாங்கிய தொண்ணூற்று நாலு

கல்கத்தாவில், காளிகாட் சந்தையைச் சுற்றிக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது மருமகளைத் திட்ட வேண்டுமென்றால், முதலில் ஷியாமளாவைப் புகழ்வார்கள். "ஷியாமளாவைப் பாரு, படுத்த படுக்கையா இருக்கிற அப்பாவை எப்படித் தாங்கறா! நீயும் இருக்கியே" என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இப்படி ஊரில் உள்ள சோம்பேறி மருமகள்களையெல்லாம் அடிக்க உதவும் பிரம்பாகத் தான் இருக்கிறோம் என்பது ஷியாமளாவுக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகும் கொஞ்ச காலம் அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. நல்ல பெயர் என்பது அப்படிப்பட்ட வஸ்து. வயிற்றை நிரப்பாது, ஆனால் விடவும் மனசு வராது.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. முதலில் ஜாதகம் காரணமாக இருந்தது, பிறகு அப்பாவின் ரிடையர்மெண்ட், அப்புறம் வயசே காரணமாகிவிட்டது. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுததாக யாரும் சொல்ல முடியாது. டல்ஹவுஸியில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தாள். மதராஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து குவிந்த ஆண் ஸ்டெனோக்கள் அத்தனை பேரும் அவளுடைய சுருக்கெழுத்து வேகத்தைப் பார்த்து வயிறெரிந்தார்கள். மேலதிகாரி தத்தா, "ஷியாமளா, நான் நினைப்பதற்குள் நீ எழுதிவிடுகிறாய்" என்பார். டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்தபடி வேலைக்குப் போகும் அந்த நேரம் உலகத்தில் யாருக்கும் சொந்தமில்லாத, தனக்கே தனக்கான நேரம் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் அப்பா பாலசுப்ரமணியன் குளியலறையில் விழுந்தார். பாங்கில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வலது கையையும் காலையும் வாங்கிக்கொண்டு, நாக்கை மட்டும் விட்டுவிட்டுப் போயிற்று. அம்மா முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அண்ணா சந்தானம் பெஹாலாவிலிருந்து டாக்ஸியில் ஓடி வந்து, கட்டில் அருகே நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னான்: "இப்போதைக்கு நீ லீவு போடு ஷியாமளா. நிரந்தரமா ஒரு ஏற்பாடு நான் பண்ணிடறேன்."

அந்த 'இப்போதைக்கு' நாலு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. லீவு சம்பளமில்லாத லீவாகி, அதுவும் தீர்ந்து, ராஜிநாமாவில் முடிந்தது. சந்தானம் மாதாமாதம் முதல் வாரம் வருவான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவான். அப்பாவின் வலக்கையைத் தூக்கிப் பார்த்து, "இம்ப்ரூவ்மெண்ட் தெரியறது" என்பான். வந்த டாக்ஸியைப் பெரும்பாலும் காத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் மாடியேறுவான்.

சந்தானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ஒரு மனோதத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் ஊக்கத்தை அளக்கிற உத்தியோகத்தில் இருந்தான். துணிக்கு முழம், பாலுக்குப் படி என்றிருப்பதைப் போல மனிதனுடைய ஊக்கத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு என்பதில் அவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. முதலில் சணல் மில் தொழிலாளர்களின் ஊக்கத்தைத்தான் அளந்துகொண்டிருந்தான். ஊக்கம் குறைவு என்று அவன் கண்டுபிடித்துச் சொல்வதற்கும் மில்லை இழுத்து மூடுவதற்கும் சரியாக இருந்தது. மில் மூடிய பிறகு அளக்க ஆளில்லை. கொஞ்ச நாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அந்தச் சமயத்தில் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, முதியோரை நெடுங்காலம் பராமரிப்பவர்களின் ஊக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தால் பணம் தருவதாக அறிவித்தது. சந்தானத்துக்குச் சட்டென்று அப்பா ஞாபகம் வந்தது. அந்த வருஷம் அவன் மாதத்துக்கு இரண்டு முறை வந்தான்.

இப்படிப் பிறந்ததுதான் 'பராமரிப்பு ஊக்க அளவுகோல்'. ஒவ்வொரு வாக்கியமாக வாசிப்பான். கேட்பவர் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' என்பதிலிருந்து 'அறவே ஒத்துக்கொள்ளவில்லை' என்பது வரை ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைக் கூட்டி நூறுக்கு மார்க் போடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஷியாமளாவை அளக்க வந்தான். வீட்டில் மின்விசிறி அப்பா படுத்திருந்த அறையில்தான் இருந்தது. ஆகவே விஞ்ஞானமும் அங்கேயே நடந்தது. கட்டிலில் அப்பா கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஷியாமளா கையில் நொய்க் கஞ்சியும் ஸ்பூனுமாக உட்கார்ந்திருந்தாள். சந்தானம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தான்.

"பெரியவரைப் பார்த்துக்கொள்வது எனக்கு மனநிறைவைத் தருகிறது. என்ன சொல்றே?"

பெற்ற அப்பா ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு, வாயைத் திறந்து, அடுத்த ஸ்பூனுக்காகக் காத்திருக்கிறார். இந்த உலகத்தில் எந்த மகள் வேறு என்ன சொல்வாள்?

"முழுக்க ஒத்துக்கறேன்" என்றாள் ஷியாமளா.

"தூக்கத்தில் எழுப்பினால் எனக்கு எரிச்சல் வருவதில்லை."

"வராது. முழுக்க ஒத்துக்கறேன்."

"இதை விட்டு வேறு வாழ்க்கைக்கு நான் ஏங்கவில்லை."

ஷியாமளா ஸ்பூனை அப்பா வாயில் வைத்துவிட்டு, மேல்துண்டால் மோவாயைத் துடைத்தாள். "ஒத்துக்கறேன்" என்றாள்.

கடைசியில் அப்பாவையும் ஒரு கேள்வி கேட்டான். கவனிப்பு எப்படி இருக்கிறது என்று. கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்திருப்பவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது பாலசுப்ரமணியன் மட்டும் என்ன சொல்லிவிடுவார்? "மகாலக்ஷ்மிடா. கஞ்சி கூட அமிர்தம்" என்றார்.

மார்க் தொண்ணூற்று நாலு. சந்தானம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையைப் புதிதாகப் பார்ப்பவனைப் போலப் பார்த்தான். ஷியாமளாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பி.ஏ.வில் கூட அவள் இவ்வளவு வாங்கியதில்லை. பக்கத்துப் போர்ஷன் போஸ் வீட்டில், பெரியம்மா முறை வைத்து எல்லாரும் மாஷிமா என்று கூப்பிடும் அம்மாளிடம் போய்ச் சொன்னாள். "எந்தப் பரீட்சையில்?" என்று மாஷிமா கேட்டாள். விளக்கிச் சொன்னதும், "இதற்குக்கூடவா பரீட்சை!" என்று வாயில் வெற்றிலையோடு சிரித்தாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டு ஷியாமளா திரும்பி வந்துவிட்டாள்.

சந்தானம் தன் பெண்டாட்டி சாவித்திரியையும் அளந்திருந்தான். சாவித்திரிக்குப் புருஷனை நன்றாகத் தெரியும். இந்த மனுஷன் ஒன்றும் சும்மா கேட்க மாட்டான் என்று முதல் வாக்கியத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டாள். நிதானமாக யோசித்து, கன்னத்தில் கை வைத்து, மெத்த வருத்தத்தோடு பதில் சொல்லி முப்பத்தொன்று வாங்கினாள். "எனக்கு ஆசைதான், ஆனா உங்க ஸ்கேலே சொல்றதே, நான் லாயக்கில்லேன்னு. நான் என்ன பண்ண?" என்று கண்ணைக் கூடத் துடைத்துக்கொண்டாள். பெஹாலாவில் அவர்களுக்குச் சொந்த வீடு. கீழே ஓர் அறை, பக்கத்திலேயே குளியலறை, படியேற வேண்டியதில்லை. அந்த அறையில் சணல் மில் தொழிலாளர்களின் ஊக்கம் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகக் கட்டப்பட்டு உத்தரம் வரை அடுக்கியிருந்தது.

எழுபத்தெட்டில் துர்கா பூஜைக்கு முன்பு, பழைய மேலதிகாரி தத்தா ஆள் அனுப்பினார். கம்பெனி குன்னூரில் ஓர் ஆபீஸ் திறக்கிறது. அவர்தான் அதற்குப் பொறுப்பு. ஷியாமளா வந்தால் ஆபீஸ் சூப்பிரண்டு வேலை, தங்க இடம் எல்லாம் உண்டு. தீபாவளி முடிந்ததும் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பார். ஷியாமளா அன்று முழுக்க அடுப்படியில் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். இது தவறினால் இனி ஒன்று வராது என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தொரு வயசுக்காரிக்கு யார் ஆள் மேல் ஆள் அனுப்புவார்கள்?

சந்தானம் வந்ததும் சொன்னாள்.

"என்ன பேசறே?" என்று அவன் நிஜமாகவே திடுக்கிட்டான். "தொண்ணூத்தி நாலு வாங்கினவ நீ. உன்னை விட்டா அப்பாவை யார் பாத்துக்க முடியும்? சயின்ஸே சொல்றது."

"ஆயா சென்டர்லேர்ந்து ஒரு ஆளைப் போட்டா என்ன, அண்ணா? மன்னி மேற்பார்வை பாத்துண்டா போறும். உங்காத்துலதான் கீழ் ரூம் இருக்கே."

சந்தானம் பரிதாபமாகச் சிரித்தான். "கூலிக்கு வர்றவாளுக்கு இருக்கறது வெளி ஊக்கம். உனக்கு இருக்கறது உள் ஊக்கம். ரெண்டும் ஒண்ணாயிடுமா? இதைத்தான் நான் டெல்லி கான்ஃபரன்ஸ்லயே படிச்சேன். கல்யாணமாகாத பெண்கள் இதுக்குன்னே பிறந்தவான்னு. எல்லாரும் கை தட்டினா." போகும்போது இன்னொன்றும் சொன்னான். லக்ஷ்மி பூஜை முடிந்து அறக்கட்டளையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருகிறாள். அவள் முன்னால் இதே கேள்விகளை இன்னொரு தடவை ஷியாமளாவிடம் கேட்க வேண்டும். நல்ல அளவுகோல் என்றால் ஒரே ஆளை எத்தனை தடவை அளந்தாலும் மார்க் மாறக்கூடாது. மாறவில்லையென்றால் இன்னும் ஐந்து வருஷத்துக்குப் பணம் உண்டு.

நாற்பத்தொன்றும் ஐந்தும் நாற்பத்தாறு என்று ஷியாமளா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

மத்தியானம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போடும்போது, சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார். "சாவித்திரி எவ்வளவு வாங்கினா?"

"முப்பத்தொண்ணு."

"புத்திசாலி" என்றார் பாலசுப்ரமணியன். "பாங்க்ல இதான் நடக்கும். கணக்கு நன்னாப் போடறவன் தலையிலதான் எல்லாக் கணக்கும் விழும். தப்புத் தப்பாப் போடறவன் அஞ்சு மணிக்குக் குடையை எடுத்துண்டு ஆத்துக்குப் போயிடுவான். அடுத்த தடவை ஃபெயிலாயிடு."

"அப்பா! உங்க முன்னாலயா?"

"நான் கண்ணை மூடிக்கறேன்" என்றார் அவர்.

லக்ஷ்மி பூஜை முடிந்த மூன்றாம் நாள் விருந்தாளிகள் வந்தார்கள். வெள்ளைக்கார அம்மாள், தோளில் காமிராவோடு. ஆராய்ச்சிக் கூடத்தின் டைரக்டர் டாக்டர் மித்ரா, ஜரிகை வேஷ்டியும் மூக்குப்பொடியுமாக. அவருக்கும் சந்தானத்துக்கும் வெகு நாளாக ஆகாது. சந்தானம் பட்டு ஜிப்பா போட்டிருந்தான். போஸ் வீட்டு மாஷிமா நாற்காலிகளையும், பூஜைக்குச் செய்த தேங்காய் உருண்டைகளையும் கொடுத்துவிட்டு, பரீட்சையைப் பார்க்கத் தானும் நிலைப்படியில் நின்றுகொண்டாள். அப்பாவுக்கு ஷேவ் செய்து, சலவை பனியன் போட்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பெரியவரைப் பார்த்துக்கொள்வது எனக்கு மனநிறைவைத் தருகிறது" என்று சந்தானம் தமிழில் வாசித்து, அந்த அம்மாளுக்கு ஆங்கிலத்திலும் சொன்னான்.

"அறவே ஒத்துக்கலை" என்றாள் ஷியாமளா.

சந்தானம் புன்னகை மாறாமல், "அவசரப்படாதே. இந்தப் பக்கம் ஒத்துக்கறது, அந்தப் பக்கம் ஒத்துக்காதது" என்று விளக்கினான்.

"தெரியும். அந்தப் பக்கம்தான்."

அவள் உட்கார்ந்தது பொய் சொல்லத்தான். ராத்திரியெல்லாம் பொய்களை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு வாக்கியமாக வர வர, அடுக்கி வைத்ததில் ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை. தூக்கத்தில் எழுப்பினால் எரிச்சல் வருமா? வரும், பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். உடம்பைத் துடைக்க அருவருப்பு உண்டா? உண்டு, இன்றைக்கும் உண்டு. வேறு வாழ்க்கைக்கு ஏங்குகிறாயா?

"ஏங்கறேன்" என்றாள். "டிராம் சத்தம் கேட்டாலே ஏங்கறேன்."

அப்பாவின் மூடிய இமைகள் துடித்ததை அவள் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய், மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் கட்டிக் காத்த நல்ல பெயர் போயிற்று. அப்பா மனசும் போயிற்று. வெட்கமாக இருந்தது. ஆனால் இடுப்பில் கட்டிய கல்லை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரியும் இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம்.

இருபத்திரண்டு மார்க். டாக்டர் மித்ரா ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டு, "அதே ஆள், அதே கோல். முன்பு தொண்ணூற்று நாலு, இப்போது இருபத்திரண்டா? இது அளவுகோலா, ரப்பரா சந்தானம்?" என்றார். சந்தானத்தின் பட்டு ஜிப்பா முதுகில் ஒட்டிக்கொண்டது. அளவுகோலில் குற்றமில்லை, இன்று தங்கைக்குத்தான் உடம்பு சரியில்லை, உள் ஊக்கம் இந்தக் குடும்பத்தின் ரத்தத்திலேயே இருக்கிறது என்று ஏதேதோ அளந்தான்.

அப்போதுதான் பாலசுப்ரமணியன் கண்ணைத் திறந்தார். முப்பது வருஷம் வெள்ளைக்கார மானேஜர்களிடம் பேசிப் பழகிய ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக அந்த அம்மாளிடம் சொன்னார்: "அம்மணி, ரத்தத்தில் இருக்கிறது என்கிறானே, இவனையும் ஒரு தடவை அளந்து பாருங்கள்."

வெள்ளைக்கார அம்மாளுக்கு ஒரே குஷி. பேஷான யோசனை என்று காகிதத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. எதிரே அறக்கட்டளை, பக்கத்தில் டைரக்டர், நிலைப்படியில் மாஷிமா, கட்டிலில் கண் கொட்டாமல் பெற்ற அப்பா. சந்தானமும் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயப்படுகிற பிள்ளைதானே? அப்பாவைப் பார்த்துக்கொள்வது மனநிறைவு தருகிறதா?

"முழுக்க ஒத்துக்கொள்கிறேன்" என்றான் சந்தானம்.

எரிச்சல் வருமா? வரவே வராது. அருவருப்பு? பெற்ற அப்பாவிடமா? "கரும்பு தின்னக் கூலியா என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், மேடம்" என்று அதை மொழிபெயர்த்தும் சொன்னான். பெரியவரை என் வீட்டில் வைத்துக்கொள்ளும் வாய்ப்புக்காகக் காத்திருக்கிறேன் என்ற வாக்கியம் வந்தபோது அவன் காகிதத்தை எட்டிப் பார்த்தான். அந்த வாக்கியத்தை எழுதியவனும் அவனேதான். காமிரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முழுக்க" என்றான்.

தொண்ணூற்றெட்டு. அந்த அம்மாள் கை தட்டினாள். இப்படிப்பட்ட மகன் இருக்கும்போது இந்தக் கிழவர் ஏன் இங்கே இருக்கிறார் என்று வெள்ளை மனசோடு கேட்டாள். "அதுதானே!" என்றார் டாக்டர் மித்ரா. அவருக்கு இவ்வளவு நல்ல நாள் பல வருஷங்களாக வாய்க்கவில்லை. "வருகிற ஞாயிறு நம் இன்ஸ்டிட்யூட் வேன் சும்மாதான் நிற்கும். டிரைவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்."

"காலம்பறவே வரச் சொல்லுடா" என்று மகனிடம் சொன்னார் பாலசுப்ரமணியன். இது தமிழில்.

சணல் மில்லின் ஊக்கம் பெட்டி பெட்டியாக மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு ஏறியது. சாவித்திரி வீட்டை இரண்டாக்கினாள், ஆனால் தொண்ணூற்றெட்டோடு யார் வாதாடுவது? ஷியாமளா நாலு வருஷமாகக் காத்திருந்தும் நடக்காத காரியம் அங்கே நாலே நாளில் நடந்தது. ஹவுராவில் பட்டறை மூடி வேலை போய், ஆயா சென்டரில் பெயர் கொடுத்திருந்த கலியன் என்ற ஆளைச் சந்தானம் முழு நேரத்துக்கு அமர்த்திவிட்டான். உள் ஊக்கம், வெளி ஊக்கம் என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை.

ரயிலேறும் அன்று காலை ஷியாமளா பெஹாலாவுக்குப் போனாள். அப்பா தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கலியன் அவரோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவன், எழுந்து வெளியே போனான். ஷியாமளா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அன்றிலிருந்து சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னாள். "அப்பா, அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் சும்மா, பொய்."

"பொய்யா?" என்று பாலசுப்ரமணியன் இடது கையால் அவள் கையைப் பிடித்தார். "ஒண்ணுகூடப் பொய்யில்லே. எனக்குத் தெரியாதா? முதல் தடவை சொன்னதுதான் பொய். நானும்தான் சொன்னேன்."

"நீங்க என்ன பொய் சொன்னேள்?"

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "உன் கஞ்சி அமிர்தம்னேனே. நாலு வருஷமா ஒரு நாள்கூட நன்னா இல்லேடி, குழந்தே."

ஷியாமளாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஹவுராவில் மதராஸ் மெயில் நகர்ந்ததும் இரண்டும் போய்க் கோபம் வந்தது. கரக்பூர் வரை அந்தக் கஞ்சியைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனாள். உப்பா? பதமா? எத்தனை பொறுமையாகக் கிளறினேன்! விட்டுவிட்டு வந்ததற்குக்கூட அவள் மனசு இவ்வளவு அடித்துக்கொள்ளவில்லை.

குன்னூரில் கம்பெனி கொடுத்த வீட்டில் ஸ்டவ் பற்றவைத்த முதல் நாள், அதே நொய்யில், அதே பதத்தில் கஞ்சி வைத்து, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள். நாலு வருஷத்தில் அவள் அதைச் சாப்பிட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அப்பா சொன்னது சரிதான். வாயில் வைக்க வழங்கவில்லை.